மனசு ஆறிப்போச்சாம்!

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன இதழ்ல பிரிஞ்ச புருசன் பொண்டாட்டி ஒருத்தருக்கொருத்தர் எழுதுன கடிதம்னு போட்டிருந்தீயல்லா, அதுல அந்த மனுசன் கோர்ட்ல குடுத்த ஆறு மாசத்துல ரெண்டு பேர் மனசும் ஆறிப்போச்சுன்னு எழுதிருக்காரு, படிச்சதுல இருந்து பீடித்தட்டுல எனக்கு கை ஓடமாட்டேங்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல மனு போட்டாத்தான் அண்ணாச்சி அந்த ஆறு மாசம், அதையும் நெலமையப் பாத்து கோர்ட் வேண்டாம்னு விடலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு, உங்களுக்குத் தெரியாததா. சம்மதிக்காத ஆளக் கட்டுனவ கதி என்ன? முக்கூடல்ல மொத பஸ்ஸப் புடிச்சு கைப்புள்ளையோட பாளையங்கோட்டை கோர்ட்ல போய் நின்னா அந்த ஆளு வந்திருக்க மாட்டாரு, வாய்தா போட்டுருவாங்க, அன்னைக்கு பீடிக்கூலியும் போச்சு. ஜீவனாம்சம் தீர்ப்பாச்சு, அத வாங்க இன்னொரு மனு. சீர் பாத்திரத்தக் கேட்டா பித்தளைச் சருவம் எங்க வீட்டுதுன்னு மாமியார்க்காரி சாதிக்கா, அதுல எங்க ஆச்சி பேரு வெட்டிருக்கு! எனக்கு அவுக அனுப்புன ஒரே கடிதம் வக்கீல் நோட்டீஸ்தான், அதுலயும் எம்பேரு தப்பு.

இது இன்னைக்கு நேத்து கோவம் இல்ல. உங்க கதைல புருசனை விட்டு வந்தவன்னா ஒண்ணு கெணத்துல விழுவா, இல்லைன்னா கடைசிப் பாராவுல அவன் கால்லயே விழுவா, பீடி சுத்தி புள்ளையப் படிக்க வச்சவ ஒருத்தியாவது வந்திருக்காளா? சமையல் பக்கத்துல சொதிக்கு புளி கரைச்சு ஊத்தச் சொன்னீய. எங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநா வைக்குத சொதி, தேங்காப்பால் விட்டு எறக்கி எலுமிச்சம்பழம் பிழியணும், புளி ஊத்துனா பந்தில எவன் உக்காருவான். எழுதிப் போட்டேன், திருத்தம் வரல. சவம் போட்டும்னு விட்டேன்.

இப்ப விட முடியாது. அந்த மனுசன் கடிதத்துக்கு ரெண்டு பக்கம், ஊஞ்சல் படம் வேற. அந்தம்மா எழுதுனதுக்கு கால் பக்கம், அடில பொடி எழுத்துல ‘இடமின்மையால் சுருக்கப்பட்டுள்ளது’. மனசு ஆறுனவருக்கு இடம் இருக்கு, ஆறாதவளுக்கு இல்ல, நல்லாருக்கு உங்க நியாயம். அவ ஆறிப்போச்சுன்னு எங்கயும் எழுதல, நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன்.

கோவிச்சுக்கிடாதீய, நான் கேக்கது ஒண்ணுதான், அந்தம்மா கடிதத்த ஒரு வரி வெட்டாம அடுத்த இதழ்ல போடுங்க. என் சந்தா இந்த மாசத்தோட முடியுது, அதுக்குள்ள போட்டா சௌகரியமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.