வடக்கு அறைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது

அன்புள்ள அம்மணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நெய்யை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் ஷார்ஜா விமானம் ஏறுகிறான். முருங்கை இலை போட்டுத்தான் காய்ச்சினேன், ஆனால் இலையை வடித்துவிட்டேன். விமான நிலையத்தில் இது என்ன இலை என்று நிறுத்திவைத்தால் அந்தப் பையன் என்ன செய்வான்?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிற விதம் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பது போலவே பேசுகிறாய். கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய். பொங்கலுக்குப் பிறகு நீயாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வடக்கு அறை காலியாக இருக்கிறதா என்று. கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய்.

காலியாகத்தான் இருக்கிறது. உன் தம்பி அங்கே அடுக்கியிருந்த தவிட்டு மூட்டைகளைக் களத்துச் சாளைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ஒழுகிய பக்கம் ஓடு மாற்றியாகிவிட்டது. மச்சில் உறி தொங்கவிடுகிற கொக்கிகளை மட்டும் பிடுங்க விடவில்லை. சுவர் பழைய சுவர்தான், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்பு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். குழந்தைக்கு அங்கே வியர்க்காது. மின்விசிறி புதிதாக மாட்டச் சொல்லியிருக்கிறேன். சும்மாதான் சொல்கிறேன், வீடு என்றால் எல்லா அறையும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா.

தம்பிக்கு இப்போது ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. வீட்டைப் பண்ணை விடுதி ஆக்கப் போகிறானாம். சென்னையிலிருந்து ஒருவர் வந்து ஆசாரத்துத் தூண், தொட்டிக்கட்டு, கட்டுத்தரை என்று நாள் முழுக்கப் படம் எடுத்தார். செவலைக் கன்று ஒன்று சாம்பல் நிற மயிலைப் பசுவிடம் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, இது வேறு இனக் கன்றா என்று கேட்டார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்துக்குள் மயிலைக்குத் திரும்பும் என்று சொன்னேன். நம்பினாரோ என்னவோ.

அவர் பேச்சைக் கேட்டுத் தம்பி வாசலில் ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறான்: "அப்பாரு தொடங்கிய மூன்று தலைமுறைக் காங்கேயம் பால் பண்ணை". படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. காங்கேயம் மாட்டைப் பாலுக்காக யார் வளர்த்தார்கள்? ஏர் ஓட்ட, கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்க, வண்டி கட்ட. வேளைக்கு ஒரு லிட்டர் கறந்தாலே பெரிது, அதிலும் கன்றுக்கு விட வேண்டும். உங்கள் தாத்தா அப்பாருவின் பெருமையெல்லாம் காளைக்கன்றில்தான். காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்துக் காளையோடு தன் பசுவைச் சேர்த்ததையும், அந்தக் கன்றைக் கண்ணபுரம் தேர்ச் சந்தையில் என்ன விலைக்கு விற்றார் என்பதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பால் கணக்கு அவருக்குத் தெரியாது. மேய்ச்சல் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் எவ்வளவு உயரம் என்று கேட்டால் படுத்துக்கொண்டே சொல்வார். வீட்டில் மோர் இருக்கிறதா என்று கேட்டால் எழுந்து பார்க்க வேண்டும் அவருக்கு.

இந்த வீட்டில் பாலைக் காசாக்கியது உன் அத்தை. அதுவும் எருமையை வைத்து.

உனக்குப் பாதி தெரியும். 1974-ல் அவள் திரும்பி வந்தபோது, சீராகக் கொடுத்த பித்தளைப் பாத்திரம், கட்டில், பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, சீர் எருமையை மட்டும் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்தாள். இருட்டும் நேரம். அப்பாரு திண்ணையில் இருந்தார். "கறக்கிறதா, சினையா?" என்று கேட்டார். "சினை" என்றாள். கட்டுத்தரையில் கட்டச் சொன்னார். அப்பத்தா சோறு போட்டாள். அவ்வளவுதான் விசாரணை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது இது, அப்பத்தா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஏன் வந்தாள் என்று அப்பத்தாவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊர் கேட்டது. ஊருக்கு வேறு வேலை என்ன? அந்த எருமை கன்று போட்டதும் ஊர் தயிருக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தது.

வடக்கு அறையைப் பால் அறை ஆக்கியது அவள்தான். அங்கேதான் படுக்கையும். விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன் கடைந்துவிட வேண்டும், ஏறிவிட்டால் வெண்ணெய் திரளாது, இளகி மத்திலேயே ஒட்டும். திரண்டதை மோரிலேயே போட்டு வைப்பாள். ஊத்துக்குளி வெண்ணெய் வியாபாரிக்கு ஆள் வந்து எடுத்துப் போவான். அவன் தராசை அவள் ஒருநாளும் நம்பியதில்லை, நம் வீட்டுத் தராசில் நிறுத்த பிறகுதான் உருண்டையைத் தொட விடுவாள். பிறகு பால் சங்கம் வந்தது, கலப்பின மாடு வந்தது. ஜெர்சியைக் கண்டால் அப்பாரு முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவள் இரண்டு வாங்கிக் கட்டினாள். கேனைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வரிசையில் போய் நின்றவள் அவள். உன் அப்பாவின் டிப்ளமோ படிப்பு அந்த வெண்ணெய்க் காசு. உன் கல்லூரிக்கு முதல் வருடம் கட்டியதும் அவள் பால் கணக்கிலிருந்துதான், அது உனக்குத் தெரியும். நம் வீட்டிலேயே முதல் பொறியாளர் நீ. அதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்த நாள் இல்லை. அந்தப் படிப்பைப் படித்துவிட்டு நீ இப்போது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வருத்தப்படுவாய். ஆனால் நல்ல வேலை அம்மணி அது. நீயாக விட்டிருக்க மாட்டாய்.

பலகையை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். "அத்தை கட்டிய எருமைத் தொழுவம் என்று எழுதினால் யாரம்மா வருவார்கள்" என்கிறான். 2024 ஆகஸ்டிலும் இப்படித்தான், நாட்டு மாட்டுப் பால் என்று காட்ட பாட்டிலுக்கு 'ஏ2 பால்' என்று சீட்டு அச்சடித்துக்கொண்டு வந்தான். அந்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் போடக்கூடாது என்றது, ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. சீட்டை எரிப்பதா ஒட்டுவதா என்று இவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளைதான். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான். சொல்லத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். வீட்டை ஈடு வைக்க என் கையெழுத்தும் உன் கையெழுத்தும் வேண்டுமாம். அப்பா போன பிறகு மூன்று பேரும் வாரிசு. வக்கீல் பொறுமையாக விளக்கினார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், ஆண் வாரிசும் இருக்கிற வீட்டில், மகள் குடியிருப்பதற்கே காரணம் இருக்க வேண்டுமாம். கல்யாணம் ஆகாதவள், புருஷன் கைவிட்டவள், பிரிந்து வந்தவள், விதவை, இவர்கள்தான் இருக்கலாம். அந்தப் பிரிவை 2005-ல் எடுத்துவிட்டார்களாம். இப்போது மகனுக்கு எப்படியோ மகளுக்கும் அப்படியே, காரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. நான் இரண்டாம் முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். உன் அத்தை அந்த அறையில் சட்டத்தின் தயவில் இருந்திருக்கிறாள், அது அவளுக்கே தெரியாது. நீ அப்படி இல்லை.

அங்கிருந்தே அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால் போதும் என்கிறான் தம்பி. அனுப்பாதே. காகிதத்தில் வருகிற கையெழுத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ நேரில் வந்து போட்டால்தான் நானும் போடுவேன். மாப்பிள்ளையிடம் இதை இப்படியே சொல். கிழவி பிடிவாதம் பிடிக்கிறாள், போகாவிட்டால் தம்பியின் கடன் நின்றுவிடும் என்று என்மேல் பழியைப் போடு. எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பத்திர வேலை எத்தனை நாள் இழுக்கும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது, அதனால் திரும்பிப் போகிற டிக்கெட்டை இப்போதே எடுக்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காது என்றால் தொந்தரவு செய்யாதே, நீயும் குழந்தையும் மட்டும் வாருங்கள். தம்பி விமான நிலையத்துக்கு வந்துவிடுவான்.

வெயிலுக்கு முன்னால் வா. மாசிக்குள் வந்தால் நல்லது. நேரில்தான் வர வேண்டும், பத்திரம் அனுப்பாதே.

சரியாகச் சாப்பிடு. பட்டிப் பொங்கல் படத்தை நான் அனுப்பியபோது நீ பதிலுக்கு அனுப்பிய படத்தில் தோள் எலும்பு தெரிகிறது. முழுக்கை ரவிக்கை நீ போட்டு நான் பார்த்ததில்லை, அங்கே குளிர் அதிகமோ.

உன் பாஸ்போர்ட்டும் குழந்தையுடையதும் உன்னிடம்தானே இருக்கின்றன? பார்த்து வை. வரும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளியில் கொடுத்த காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். உன் கல்லூரிச் சான்றிதழ்களும் இருக்கட்டும். இங்கே இப்போது எதற்கெடுத்தாலும் அசல் கேட்கிறார்கள். நெய் டின் கிடைத்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா