பிரிக்காத டப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குத் தூங்கு. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மற்றதைப் போனில் சொல்கிறேன்.

உன் புது வீடியோவை நாலு தடவை பார்த்தேன். எவ்வளவு அழகாகப் பேசுகிறாய்! மேடை ஏறச் சொன்னால் என் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளையா இது என்று அப்பாவுக்குப் பூரிப்பு. 'மூணு மாசமா இந்த க்ரீம்தான் போடுறேன்' என்றாய். மூணு மாசமா, பாப்பா? போன மாதம் நீ வந்தபோது அந்த டப்பா சீல்கூடப் பிரிக்காமல் உன் பெட்டியில் கிடந்தது. துணி மடிக்கும்போது பார்த்தேன். கன்னத்துப் பருத் தழும்பும் அப்படியேதான் இருந்தது. வீடியோவில் மட்டும் காணோம்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கம்பெனிக்காரர்கள் எழுதித் தருவதைப் பேச வேண்டும், உன் லிங்க் வழியாக வாங்கினால் உனக்குக் கமிஷன் என்று சொல்லியிருக்கிறாய். சம்பாதிப்பதைக் குறை சொல்லவில்லை. விளம்பரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய். கீழே கடைசி வரியில் ஒளித்து வைக்காதே. டிவி விளம்பரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். உன்னை வீட்டுப் பெண்ணாக நினைத்தல்லவா நம்புகிறார்கள்? ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற பெண், மூளைப் புற்றுநோயைச் சாப்பாட்டாலேயே சமாளிப்பதாகச் சொல்லிப் பெயர் வாங்கினாள். அவளுக்குப் புற்றுநோயே இல்லை. 2017-ல் கோர்ட் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. எனக்கு அவளை நம்பிய நோயாளிகள் நினைப்புத்தான். சொல்லிவிட்டுச் செய், பாப்பா.

உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? முதல் வீடியோவை யாருமே பார்க்கவில்லை என்று அழுதாயே, அன்று ராத்திரி வேறு பெயரில் கணக்குத் தொடங்கி, 'நானும் வாங்கினேன், ரொம்ப நல்லா இருக்கு' என்று எழுதியது நான்தான். பிறகு ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். இந்த க்ரீமுக்கும். அதன் கீழே ஒரு பெண் கேட்டாள்: 'அக்கா, என் பொண்ணுக்குப் பதினோரு வயசு, போடலாமா?' 'தாராளமா போடுங்க' என்று எழுதிவிட்டேன். அந்த டப்பாவை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

மறுநாளே அதை அழித்துவிட்டு, 'வேண்டாம்மா, டாக்டரைக் கேளுங்க' என்று எழுதினேன். பதில் இல்லை. பார்த்தாளோ இல்லையோ. நீ அவளுக்கு எழுது. நீ சொன்னால் கேட்பாள்.

அம்மா