அண்டர்டேக்கருக்குச் சண்டை தெரியுமா?

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் உன் அண்ணனும் போட்ட சத்தத்தில் நான் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை.

உன் கட்சி எனக்குப் புரிந்தவரை இதுதான். WWE கம்பெனி டிவியில் காட்டுகிற மல்யுத்தத்தில் ஆடிய அண்டர்டேக்கர் என்பது வெறும் வேஷம். மணி அடிக்கும், விளக்கு அணையும், புகை வரும், ஆள் மெதுவாக நடந்து வருவான், அதோடு சரக்கு தீர்ந்தது. ரிங்குக்குள் அவனுக்குத் தெரிந்தது நாலைந்து பிடி. அவன் ஆடிய நல்ல ஆட்டமெல்லாம் எதிரில் நின்றவன் புண்ணியம். "சும்மா ஏத்தி விட்டுட்டாங்கம்மா" என்றாய். உன் அண்ணன் இதற்குப் பதில் சொல்லாமல் "இருபத்தொண்ணுக்கு சைபர்" என்று திரும்பத் திரும்பக் கத்தினான். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற அவர்களுடைய பெரிய விழாவான ரெஸில்மேனியாவில் 21 முறை தொடர்ந்து ஜெயித்தானாம். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தில் இது ஒரு சாட்சியா? சின்ன வயதில் நீங்கள் அடித்துக்கொண்ட அந்த ட்ரம்ப் கார்டுகளிலும் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று போட்டிருக்கும். ஆடத் தெரியுமா என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இருந்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும் இன்னும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் பேசுகிறீர்கள்.

ஜெட்டாவில் நேரில் பார்த்த அந்த ஆட்டம்தான் உன்னைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கி, சின்ன வயது ஆசை தீரப் போகிறது என்று போய் உட்கார்ந்தால், 2019 ஜூன் 7 அன்று உன் முன்னால் நின்றது 54 வயது அண்டர்டேக்கரும் 52 வயது கோல்ட்பெர்க்கும். ஜூன் மாத வெக்கை வேறு. கோல்ட்பெர்க் ஆரம்பத்திலேயே மூலைக் கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டு ரத்தம் வழிய நின்றான். அதற்கப்புறம் அவனுக்கு நிதானம் இல்லை. தலைகீழாகத் தூக்கினவன் அண்டர்டேக்கரைக் கழுத்து மடங்க இறக்கினான். ஒருவரை ஒருவர் தூக்கப் போய் இரண்டு பேரும் சரிந்தார்கள். பத்து நிமிஷம் கூட இல்லை. அண்ணன் போனில் காட்டியபோது எனக்கே "போதும்டா, நிறுத்து" என்று ஆகிவிட்டது. அந்த ராத்திரியை வைத்து அவனைப் போட்டு நீ அளக்கிறாய்.

சரி, உனக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதை முதலில் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் வந்து இறங்கியதிலிருந்து அடுத்த ஐந்தாறு வருஷம் அவன் ஆடியதில் பார்க்கத் தகுந்தது கொஞ்சம்தான். அதற்கு ஒரு காரணம் அந்த வேஷமே. செத்தவன் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். செத்தவனுக்கு வலிக்காது. எதிராளி அடிப்பான், இவன் கண்ணை உருட்டிக்கொண்டு எழுந்து உட்காருவான். அடிபட்டால் துடிக்காதவனோடு என்ன சண்டை நடக்கும்? இன்னொரு காரணம், எதிரில் கொண்டுவந்து நிறுத்தியதெல்லாம் மலை மலையான ஆட்கள். 1993 ரெஸில்மேனியாவில் ஜயண்ட் கோன்சாலஸ் என்று ஒருவன். உடம்பெல்லாம் சதை வரைந்து, இங்கொன்றும் அங்கொன்றும் மயிர் ஒட்டிய ஒரு சட்டை அவனுக்கு. கடைசியில் மயக்க மருந்துத் துணியை மூக்கில் அமுக்கினான் என்று அவனைத் தகுதி நீக்கம் செய்து இவனை ஜெயிக்க வைத்தார்கள். உன் அண்ணனின் இருபத்தொன்றில் அதுவும் ஒன்று! 1995இல் கிங் காங் பண்டியோடு, 1999இல் கூண்டுக்குள் பிக் பாஸ் மேனோடு, இவையும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஏற்றிவிட்டது எது என்று என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையைத்தான் சொல்வேன். ஆளைச் சொல்ல மாட்டேன்.

உன் தாத்தா இருந்திருந்தால் இந்தப் பஞ்சாயத்தை சீக்கிரம் முடித்திருப்பார். உங்களுக்கு அவரைக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து உங்களோடு டிவி பார்த்த கிழவராகத்தான் தெரியும். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கமெல்லாம் பாரதக் கூத்தில் கட்டை கட்டி துரியோதனன் ஆடிய மனுஷன் அவர். முதன்முதலில் இந்த மணியும் புகையும் வந்தபோது நீங்கள் பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்தீர்கள். அவர் சிரித்தார். "இது திரைடா" என்றார். கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேஷம் பின்னால் நின்று பாடும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கை மட்டும் கேட்கும். கட்டியக்காரன் முன்னால் நின்று ராஜா வருகிறார் பராக் என்று ஏற்றுவான். வெள்ளை மூஞ்சியோடு அஸ்திக் கலசத்தைத் தூக்கிக்கொண்டு வருவானே அண்டர்டேக்கரின் மேனேஜர் பால் பேரர், அவனுக்குத் தாத்தா வைத்த பெயரே கட்டியக்காரன்தான்.

திரைக்குப் பின்னால் எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறாயோ, வெளியே வந்து அவ்வளவுக்கு ஆடிக் காட்ட வேண்டும் என்பார் அவர். இல்லாவிட்டால் நடுராத்திரிக்குள் கூட்டம் துண்டை உதறிக்கொண்டு போய்விடும். 1990இல் வந்தவன் 2020 வரைக்கும் அதே மணிச் சத்தத்துக்குக் கூட்டத்தை எழுந்து நிற்க வைத்தான். வெறும் திரையை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்ட முடியுமா, நீயே சொல்லு. புகையும் விளக்கும் கொடுத்து அந்தக் கம்பெனி இறக்கிவிட்ட எத்தனையோ பேர் அடுத்த வருஷமே காணாமல் போனார்களே.

தாத்தா ஒருநாளும் அடிக்கிறவனைப் பார்த்ததில்லை. விழுகிறவனைத்தான் பார்ப்பார். பதினெட்டாம் போரில் வீமனுடைய கதாயுதம் வலுவாக இருக்கிறது என்று ஜனங்கள் நம்புவது துரியோதனன் விழுகிற விழுக்காட்டினால்தான் என்று அவருக்குத் தெரியும், அந்த விழுக்காட்டை விழுந்தவர் அவர். அண்டர்டேக்கரைப் பார்த்து, "இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு எப்படி விழறான் பாரு" என்பார். ஆறடி பத்து அங்குலம், முந்நூறு பவுண்டுக்கு மேல். அந்த உடம்பு மேல்கயிற்றின் மீது எதிராளியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து குதிக்கும். கயிற்றுக்கு மேலாகப் பாய்ந்து வெளியே விழும். அந்த எடையில் இதைச் செய்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது அவனுடைய டூம்ஸ்டோன் பிடிக்கு வருகிறேன். நீ அதை "ஒரே பிடி" என்று ஏளனமாகச் சொன்னாய். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, தலை தன் தொடைகளுக்கு நடுவில் இருக்கும்படி அணைத்துக்கொண்டு, இவன் முழங்காலில் விழுகிறான். அந்தத் தலை தரைக்கு விரலளவு மேலே நின்றுவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு மட்டும் மண்டை நொறுங்கியது போலத் தெரிய வேண்டும். தலை ஒரு இம்மி கீழே இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி இருக்கிறது. ஓவன் ஹார்ட் ஸ்டோன் கோல்டு ஆஸ்டினை அதே மாதிரி தலைகீழாகப் பிடித்தவன், முழங்காலில் விழாமல் உட்கார்ந்த வாக்கில் இறக்கினான். ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் போய் இடித்தது. கழுத்தில் அடி, கொஞ்ச நேரம் கைகால் அசைக்க முடியாமல் கிடந்தான். ஓவன் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. அந்தக் காலத்து நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவன். அப்புறம் கம்பெனி அந்த வகைப் பிடியையே வேண்டாம் என்று நிறுத்தியபோது, அண்டர்டேக்கருக்கும் கேன் என்ற இன்னொரு ஆட்டக்காரனுக்கும் மட்டும் விட்டு வைத்தார்கள். எத்தனை பேருடைய கழுத்து வருஷக்கணக்காக அவன் தொடைக்கு நடுவில் இருந்திருக்கிறது, யோசித்துப் பார். இதைத் திறமை என்ற கணக்கில் சேர்க்கமாட்டாய் என்றால் வேறு எதைச் சேர்ப்பாய்?

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் பெரிதாகப் பேசுகிற அந்த 1998 கூண்டுச் சண்டையை நான் இதில் சேர்க்க மாட்டேன். மேன்கைண்டைப் பதினாறு அடி உயரத்திலிருந்து மேஜை மேல் தள்ளிவிட்டது, அப்புறம் கூண்டுக் கூரை பிய்த்துக்கொண்டு அவன் உள்ளே விழுந்தது. முதலாவது பேசி வைத்தது, இரண்டாவது யாரும் எதிர்பார்க்காதது. அதில் தெரிவது மேன்கைண்ட் வேஷம் போட்ட மிக் ஃபோலியின் நெஞ்சழுத்தம். பெத்தவள் யாரும் பார்க்கக் கூடாத ஆட்டம் அது. கூண்டு வேண்டும் என்றால் அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் ஷான் மைக்கேல்ஸோடு ஆடியதைப் பார். 'ஹெல் இன் ஏ செல்' என்கிற, கூரை போட்ட இந்த வகைக் கூண்டு ஆட்டம் தொடங்கியதே அன்றுதான். மல்யுத்தத்தைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரர் டேவ் மெல்ட்சர் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

"அது மைக்கேல்ஸ் புண்ணியம்" என்பாய். தெரியும். பிடி போடுவதில் பிரெட் ஹார்ட் பக்கத்தில்கூட இவனை வைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கர்ட் ஆங்கிள் 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவன், அவனோடு ஒப்பிடுவதே நியாயமில்லை. ஆனால் அதே ஆங்கிளோடு 2006 பிப்ரவரியில் தரையில் புரண்டு பிடிக்குப் பிடி போட்டு ஆடினானே, கடைசியில் காலால் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்போதே ஆங்கிள் அப்படியே உருட்டி அமுக்கி ஜெயித்தானே, அந்த ஆட்டத்தை நாலைந்து பிடி தெரிந்தவன் ஆட முடியாது.

அதுவும் ஆங்கிள் புண்ணியம் என்றால், பாட்டிஸ்டாவைப் பார். பாட்டிஸ்டாவை யாரும் பெரிய ஆட்டக்காரன் என்று சொன்னதில்லை, நீயும் சொல்ல மாட்டாய். 2007 ரெஸில்மேனியாவில் இவர்கள் இரண்டு பேரையும் கடைசி ஆட்டமாகக்கூடப் போடவில்லை, நடுவில் போட்டார்கள். அன்றைக்குக் கூட்டம் நின்றது இவர்கள் ஆட்டத்துக்குத்தான். எங்கே வேகம் கூட்ட வேண்டும், எங்கே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவன் அங்கே இருந்தான். அது பாட்டிஸ்டா இல்லை.

2009இல் ஹூஸ்டனில் மைக்கேல்ஸோடு ஆடியது உனக்கே தெரியும். அது அண்டர்டேக்கர் பிறந்த ஊர், அவனுக்கு வயது 44. கயிற்றுக்கு மேலாகப் பாய்ந்தபோது பிடிக்க வேண்டிய ஆள் சரியாகப் பிடிக்காமல் தலை குத்தி விழுந்தான். நாம் எல்லாரும் முடிந்தது என்றே நினைத்தோம். எழுந்து வந்து மீதியையும் ஆடினான். டூம்ஸ்டோன் போட்டும் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கிவிட்டபோது அவன் முகத்தைக் காட்டினார்கள் பார், செத்தவன் வேஷத்தில் வந்தவன் முகத்தில் முதல்முறையாகப் பயம். பத்தொன்பது வருஷம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வைத்திருந்து அன்றைக்குச் செலவழித்தான். மெதுவாக ஆடுகிறான் என்கிறாயே, அந்த மெதுவுக்கு இதுதான் கணக்கு.

இன்னொன்று, 2002 ஜூலை 1. மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த காலம். ஜெஃப் ஹார்டி பையனோடு ஏணி ஆட்டம். ஜெயித்தது அண்டர்டேக்கர்தான். ஆனால் அன்றைக்கு நீ படுக்கப் போகும்போது வாய் ஓயாமல் பேசியது ஹார்டியைப் பற்றி. தோற்றவன் மைக்கைப் பிடித்து நான் இன்னும் நிற்கிறேன் என்றதும், வண்டியில் போனவன் திரும்பி வந்து அந்தப் பையன் கையைத் தூக்கிவிட்டான். 2006இல் நம் நாட்டு கிரேட் காலியோடும் இப்படித்தான், இரண்டு பேரும் மோதிய முதல் ஆட்டத்திலேயே கீழே விழுந்து கொடுத்தான். காலிக்கு நடக்கவே கஷ்டம். அவனைப் பார்த்து நாடே பயந்தது என்றால் அதில் பாதி கீழே கிடந்தவன் செய்த வேலை.

2014இல் பிராக் லெஸ்னர் தோற்கடித்தபோதே விட்டிருக்க வேண்டும். அன்றைக்கே மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன். அதற்கப்புறம் வந்ததில் உனக்குக் கிடைத்தது ஜெட்டா. அதற்காக நீ கோபப்படுவது நியாயம்தான், டிக்கெட் காசு உன்னுடையது. கோபத்தைப் பணம் கொடுத்து அவனை வரவழைத்தவர்கள் மேலும், போதும் என்று சொல்லத் தெரியாத அவன் மேலும் வை. அவன் ஆட்டத்தின் மேல் வைக்காதே.

வெள்ளிக்கிழமை லீவில் ஆங்கிள் ஆட்டத்தையும் பாட்டிஸ்டா ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. அண்ணனை லைனில் போடாதே, அவன் எண்ணிக்கையை ஆரம்பித்துவிடுவான். அப்போதும் உன் பேச்சு மாறவில்லை என்றால் எந்த நிமிஷத்தில் எங்கே சொதப்பினான் என்று எடுத்துக் காட்டு, கேட்டுக்கொள்கிறேன். கோன்சாலஸை மட்டும் இழுத்துக்கொண்டு வராதே. அதை முதலிலேயே உனக்குக் கொடுத்தாகிவிட்டது.

அம்மா
காவேரிப்பட்டணம்