அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்றுதான் போட்டிருந்தது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அச்சகங்களில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச வரலாறும் அரசியலும், அறக்கட்டளைச் சொற்பொழிவு (ஒருவர் பெயரில் பணம் கட்டி வைத்து, அதன் வட்டியில் நடத்தும் உரை) நூல்களுக்கு ஒற்றுப்பிழை திருத்தும்போது ஒட்டிக்கொண்டவைதான். அந்த உரிமையில், இந்தச் சொற்பொழிவுகள் நடக்கும் லட்சணம் பற்றி எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியலும் அறமும் பற்றி அறக்கட்டளைச் சொற்பொழிவு. பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வேலைக்குப் போகிறவன் எவன் வருவான்? வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டார். செல்போனில் அழைப்பிதழைக் காட்டினேன். “இது ஸ்டூடன்ட்ஸுக்கு சார்” என்றார். பிறகு யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்.

உள்ளே முதலாண்டுப் பிள்ளைகள். வருகைப்பதிவுத் தாள் வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை. ஒவ்வொருவரும் மேடையில் இருந்த அத்தனை பேரையும் பட்டத்தோடு விளித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. பொன்னாடை ஏழு, எண்ணினேன், வேறு வேலை இல்லை. பேச வந்தவர் மைக்கைப் பிடித்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டரைக்கு அவர் முன்னால் ஒரு துண்டுச்சீட்டு வந்தது. பாவம், மீதித் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நேரமின்மையால் கேள்விகள் இல்லை என்று அறிவித்தார்கள். நன்றியுரைக்கு மட்டும் பத்து நிமிஷம் இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தான். ஒரு எம்.எல்.ஏ. கட்சி தாவினால் பதவி போகிறது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து இன்னொரு கட்சியில் இணைந்தால் போவதில்லை, இது என்ன நியாயம் என்று. அன்றைக்கு அந்த அரங்கில் அறம் பற்றி எழுந்த ஒரே நல்ல கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும். நோட்டை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

எடின்பரோவில் ஆடம் கிஃபோர்ட் என்று ஒரு நீதிபதி இருந்தார். 1885இல் எழுதிய உயிலில் ஸ்காட்லாந்தின் நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் சொற்பொழிவுக்காகப் பணம் ஒதுக்கினார். கடவுள், அறம் பற்றிய உரைகள். மாணவராகப் பதிவு செய்யாத பொதுமக்களும் கேட்கலாம், கட்டணம் வைத்தால் மிகக் குறைவாக வைக்க வேண்டும், பேசுகிறவர் எந்த மதத்தவராகவும் மதமே இல்லாதவராகவும் இருக்கலாம் என்று எழுதிவைத்தார். 1888இல் தொடங்கிய அந்த உரைகள் இன்றும் நடக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி, இறந்துபோன மகள் கமலாவின் பெயரில் அங்கே ஒரு சொற்பொழிவை ஏற்படுத்தினார். 1926இல் அதில் இந்தியக் குடிமகனின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றிப் பேசியவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி; திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். மனித தர்மம் பற்றி 1930இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்தில் பேசிய தாகூர், 1933இல் அதே பொருளைக் கமலா சொற்பொழிவுகளில் வங்காளத்தில் பேசினார். ஊர்க்காரர்களுக்கு ஊர் மொழியில். இங்கே வரலாற்றுத் துறை, அரசியல் துறை அழைப்பிதழ்களில் தமிழ், பெரும்பாலும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு நின்றுவிடுகிறது.

ஒரு லட்ச ரூபாய் வைப்புத்தொகைக்கு வருஷத்துக்கு ஏழாயிரம் வட்டி தேறுவதே கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், பொன்னாடை எதற்கு? அம்மா பெயரில், ஆசிரியர் பெயரில் பணம் கட்டியவர்கள் சால்வைக்கா கட்டினார்கள்? மாலை ஆறு மணிக்கு வையுங்கள். பேச்சாளருக்கு ஒரு மணி நேரம், கேள்விக்கு அரை மணி. வரவேற்பும் நன்றியும் ஆளுக்கு மூன்று வாக்கியம் போதும். உரையைச் சின்னப் புத்தகமாகப் போடுங்கள். புரூஃப் நான் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

அப்புறம், வாசலில் இருக்கும் காவலருக்கும் ஒரு அழைப்பிதழ் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்,
சென்னை