மாடியில் நீ கேட்டது

செம்பூர், மும்பை
11.01.2026

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, தங்கச்சி வீட்டார் எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

கையால் எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். குரல் பதிவு அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். இதைப் பெரிதாக்கி நிதானமாகப் படி. சாப்பிட்டுவிட்டுப் படி.

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம், வியாழன் பார்க்க. நேற்று அது சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்திருந்தது, நடுவில் நாம். தூரம் 63 கோடி கிலோமீட்டர், கிட்டத்தில் வருவதே இவ்வளவுதான். பொழுது சாயும்போது கிழக்கே எழுந்து, நடுராத்திரி நம் தலைக்கு மேல் வந்து, விடியும்போது மேற்கே இறங்குகிறது. இங்கே தெருவுக்கு ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். அந்தத் தூசியில் நட்சத்திரம் என்று நாலைந்துகூடத் தெரியவில்லை. இது மட்டும் காற்றில்லாத இடத்து விளக்குச் சுடர் மாதிரி அசையாமல் நின்றது. நட்சத்திரம் மினுங்கும், கிரகம் மினுங்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான், பள்ளிக்கூடத்திலிருந்து வொர்லி நேரு கோளரங்கத்துக்குப் போய்வந்த அன்று. ஊரில் ஆச்சி விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து தண்ணீருக்குப் போவாள். எனக்குத் தெரிந்த வானசாஸ்திரம் அதுவரைக்கும் அவ்வளவுதான்.

நீ விட்டுப்போன பைனாகுலரை எடுத்துப் போனோம். கை ஆடாமல் இருக்க முழங்கையைத் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஊன்றிக்கொள்ளச் சொன்னேன், நீ செய்கிற மாதிரியே. யாழினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “தாத்தா, பக்கத்துல கடுகு மாதிரி மூணு இருக்கு” என்றாள். நாலு இருக்கணுமே என்றேன். “இல்ல, மூணுதான். ஒண்ணு காணாமப் போச்சு.” 1610-இல், இதே ஜனவரியில், கலிலியோ முதல் நாள் பார்த்தபோதும் மூன்றுதான் தெரிந்தது, நாலாவது சில நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது என்று நீ முன்பு சொன்னதை அவளிடம் சொன்னேன். எங்கேயும் போகவில்லை, வியாழனை ஒட்டிப் போயிருக்கும், நாளைக்குத் தெரியும் என்றேன். அடுத்து, “மாமா எப்ப வருவாங்க?” என்று கேட்டாள். தங்கச்சி அவளைக் கீழே கூட்டிப்போய்விட்டாள்.

அவள் காது குத்துக்கு நீ வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டிய காது. பெரியப்பா மகனை உட்காரவைத்தோம். அம்மா அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி, அதை இப்போது எடுக்க வேண்டாம்.

தீபாவளி அன்று கேமராவை அணைத்துவைத்துப் பேசினாய். நெட் சரியில்லை என்றாய். அதற்கு முந்தின வாரம் ஒரு நிமிஷம் முகம் தெரிந்ததே, அப்போது உனக்குப் பின்னால் இருந்தது பழைய சுவர் இல்லை. நான் அனுப்பிய முருகன் காலண்டர் இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, உனக்குக் காலை பதினொரு மணி. நீ போர்வைக்குள் இருந்தாய். கழுத்து எலும்பு தெரிந்தது. நான் அன்றும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அங்கே இங்கிலாந்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று தெரியும். அதனால் மத்தியானம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வா. பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சியாவது வை.

அம்மாவுக்கு வேறு கவலை. வருகிற மார்ச்சில் சனிப்பெயர்ச்சி, சிம்மத்துக்கு அஷ்டமத்துச் சனி என்று பஞ்சாங்கத்தை மூடாமல் வைத்திருக்கிறாள். இப்போதைக்குக் குரு மிதுனத்தில், உனக்குப் பதினொன்றாம் இடம், பயப்படாதே என்று சொல்லிப்பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய் உன் பெயருக்கு எள் விளக்கு போடுகிறாள். முட்டி வலியோடு படி ஏறுகிறாள்.

நேற்று எல்லோரும் இறங்கிய பிறகு நான் மட்டும் மாடியில் இருந்தேன். பன்னிரண்டரைக்கு வியாழன் உச்சியில் நின்றது, கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அங்கே உனக்கு ஏழு மணி, கிழக்கே தெரிந்திருக்கும். கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், கூப்பிடவில்லை. 2020 டிசம்பரில் நாம் பார்த்த தென்மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே இப்போது இருபத்திரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது.

முத்து, அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிசம்பர் 21. கொரோனா என்று செகரட்டரி மாடிக் கதவைப் பூட்டிவைத்திருந்தார். நீ போய்க் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்குச் சாவி வாங்கி வந்தாய். அம்மா, தங்கச்சி எல்லோரும் முகக்கவசத்தோடு ஏறினோம். வியாழனும் சனியும் ஒட்டி நின்றன, பெரிய புள்ளியின் விலாவில் சின்னப் புள்ளி. 1623-க்குப் பிறகு இவ்வளவு நெருங்கியதில்லை என்றாய். முழு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி, ஆனால் நிஜத்தில் இரண்டுக்கும் நடுவில் 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் என்றாய். அடுத்து 2040-இல் கிட்டே வரும், இந்த அளவுக்கு நெருங்க 2080 ஆகும் என்றாய். 2040-இல் எனக்கு எண்பத்திரண்டு என்று நான் மனசுக்குள் கூட்டிப்பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்தான் செய்தி வந்திருந்தது. அங்கே புது வகைக் கொரோனா, லண்டன் விமானங்களை 31-ஆம் தேதி வரை நிறுத்துகிறார்கள், இங்கே மறுநாளிலிருந்து ராத்திரி ஊரடங்கு. உன் டிக்கெட் 27-ஆம் தேதிக்கு. அம்மாவும் தங்கச்சியும் இறங்கிப் போனார்கள். நீ தொட்டிமேல் முழங்கையை ஊன்றியபடியே, கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல், “அப்பா, நான் இப்படியே இங்க இருந்துரட்டுமா?” என்று கேட்டாய்.

நான், “இதுல சனி எதுப்பா?” என்று கேட்டேன்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் நீ எனக்குக் காட்டியிருந்தாய். எது சனி என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ கேட்டதும் எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நீ ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, “சின்னதா இருக்கே, அதுதான்பா” என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

மறுபடி நீ கேட்கவில்லை. நானோ மறுநாளிலிருந்து விமானம் எப்போது விடுவார்கள் என்று பேப்பரைப் புரட்டினேன், டிராவல் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். ஜனவரியில் வழி திறந்ததும் உன்னை ஏற்றி அனுப்பினேன். நீ போய் இறங்கியபோது அங்கே ஊரடங்கு. ஒற்றை அறையில் எத்தனை மாதம் கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் இருந்தது, தங்கச்சி கல்யாணம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக் காரணம் அது இல்லை. 1979-இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாராவியில் வந்து இறங்கியவனின் மகன் லீட்ஸில் இருக்கிறான் என்று கோயில் வாசலில் நாலு பேர் பேசுவது எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கும் இது தெரியாது. வீட்டுக் கடன் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. வங்கியிலிருந்து பத்திரம் திரும்பி வந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை. மாதம் மூன்றாம் தேதி “பணம் போட்டுட்டேன்பா” என்று கூப்பிடுவாய், பிறகு பத்து நிமிஷம் பேசுவாய். பணம் நின்றால் அந்தப் பத்து நிமிஷமும் நின்றுவிடும் என்று பயந்தேன். இப்போது பேச்சு நின்றுவிட்டது, பணம் மட்டும் வருகிறது. இந்த மூன்றாம் தேதியும் வந்தது. எதை மிச்சம் பிடித்து அனுப்புகிறாய் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 2023-இலிருந்து டிசம்பர் வரை 33 மாதம், மாதம் 40,000. மொத்தம் 13,20,000 ரூபாய், வட்டி தனி. தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அறுபதாயிரம் எடுத்தேன், அதையும் என் பென்ஷனிலிருந்து திருப்பி வைத்துவிட்டேன். எல்லாம் உன்னுடையது. இனி அனுப்பாதே. உன்னிடம் மறைத்தது தப்பு. அப்பாவை மன்னித்துக்கொள்.

நீ கேட்டதற்கு ஐந்து வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். இருப்பா. வந்து இரு. வேலை இருந்தாலும் வா, இல்லாவிட்டாலும் வா. எத்தனை நாள் லீவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோயிலில் யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சின்ன அறையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டையையும் பழைய மிக்ஸியையும் இன்று காலையில் வெளியே எடுத்துவைத்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். டிக்கெட்டுக்கு உன் கையில் இருப்பதைத் தொடாதே, தங்கச்சி மாப்பிள்ளையிடம் சொல்லி இங்கிருந்தே போடச் சொல்கிறேன். வரும்போது யாருக்கும் ஒன்றும் வாங்கி வராதே. யாழினிக்குக்கூட வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், வீட்டில் நான் மட்டும் இருப்பேன். அப்போது கூப்பிடு. பேச முடியவில்லை என்றால் பேச வேண்டாம். போனை எடுத்துச் சும்மா வைத்துக்கொண்டிரு, நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கஞ்சி வைத்துக் குடி.

இப்படிக்கு,
அப்பா