முதல்ல மானிட்டரைப் பாரு

கண்ணு,

பெங்களூர் ஷோ வீடியோவை அம்மா போட்டுக் காட்டினா. அதுக்கு முன்னாடியே கல்மண்டபம் பசங்க பார்த்துட்டானுங்க, உன் பாட்டைத்தான் பாடிக்கிட்டுத் திரியுறானுங்க. பெருமையா இருக்கு. ஆனா என் கண்ணு பூரா உன் காலடி மானிட்டர் மேலதான், உன் குரலை உனக்கே கேக்க வைக்கிற அந்த ஸ்பீக்கர் மேல.

உன் கையில இருக்கிறது எஸ்எம்58 மைக். அதுக்கு நேர் பின்பக்கம்தான் சத்தம் ஏறாது. அதனால மானிட்டர் உனக்கு நேர் எதிர்ல, மைக்கோட வாலைப் பார்த்த மாதிரி இருக்கணும். உங்க ஆளு ஓரமா தள்ளி வெச்சிருக்கான். பீட்டா 58 மைக்கா இருந்தா அது சரி. இதுக்கு மேல நீ மைக் வலையை உள்ளங்கையால பொத்திப் பாடுற. பொத்தினா நாலு பக்கத்துச் சத்தமும் உள்ளே ஏறி ஊய்னு கத்தும். கத்தினா ஆபரேட்டர் மானிட்டரைக் குறைப்பான். உன் குரல் உனக்கே கேக்காம தொண்டையைக் கிழிச்சுக்குவ. கிட்டார்காரன் அவன் பங்குக்கு ஆம்பை, அதான் அவன் கிட்டார் ஸ்பீக்கரை, ஏத்துவான். தரையில வெச்ச ஆம்ப் அவன் முழங்காலுக்குத்தான் வாசிக்குது. பெட்டி மேல தூக்கி வெச்சு, முகத்தைப் பார்த்துச் சாய்க்கச் சொல்லு. அவனே குறைச்சுக்குவான்.

நீ சுவத்துல ஒட்டி வெச்சிருந்தியே, அந்த அமெரிக்க ராக் குழு நிர்வானா பட்டதும் இதேதான். 1991 செப்டம்பர் 24ல அவங்க ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்துச்சு, பேர் பரவுது, ஆனா வாசிக்கிறது இன்னும் சின்னச் சின்ன கிளப்ல. அக்டோபர் 19, டல்லாஸ்ல ட்ரீஸ் கிளப். மேடையில மானிட்டர் தகராறு. அவங்க பாடகர் கர்ட் கோபேன் கிட்டாராலேயே மானிட்டர் மிக்சரை அடிச்சு நொறுக்கினாரு, பவுன்சரோட அடிதடி வரைக்கும் போச்சு. அதே மூணு பேர் அதே மாசம் 31ந்தேதி சியாட்டில் பாரமவுண்ட் தியேட்டர்ல வாசிச்சதை 16 எம்எம் பிலிம்ல எடுத்து வெச்சிருக்காங்க. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாரு.

பேர் வர்ற நேரத்துல கூட்டம் மட்டும்தான் ஏறும். ஸ்பீக்கரும் சவுண்ட் செக் நேரமும் தானா ஏறாது, கேட்டு வாங்கணும். எத்தனை மைக், எத்தனை மானிட்டர், கிட்டார், கீபோர்டை மிக்சர்ல சேர்க்கிற டிஐ பாக்ஸ் எத்தனைன்னு ஒரு வாரம் முன்னாடியே எழுதி அனுப்பு. செக்ல முதல்ல குரல் மைக்கை மானிட்டர்ல கத்துற வரைக்கும் மெதுவா ஏத்தச் சொல்லு. எந்தப் பட்டையில கத்துதோ அதை மட்டும் ஈக்வலைசர்ல 3 டெசிபல் வெட்டினா போதும். பாடாத மைக்கை மூடி வை. திறந்திருக்கிற மைக் இரட்டிப்பானா, கத்தாம ஏத்துற அளவு 3 டெசிபல் குறையும். ஸ்பீக்கர்ல ‘ம்ம்’னு ஹம் அடிச்சா டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டு, பிளக்கோட எர்த் பின்னை மட்டும் உடைக்க விடாதே. கையில கிட்டார் கம்பி, உதட்டுல மைக், ஷாக் அடிக்கிறது உன்னைத்தான். மைக்கைப் பொத்தாதே, சொல்லிட்டேன்.

நீ அம்மாவுக்கு வாரம் ஒரு போன் பண்ணக்கூட மாட்டேங்குற. பண்ணினாலும் ‘என்னம்மா, என்னம்மா’ன்னு திரும்பத் திரும்பக் கேக்குற. டவர் சரியில்லைன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பொங்கலுக்கு வந்தப்ப போனை இடது காதுலயே வெச்சுக்கிட்டே. வீடியோவுல டிரம்மரோட சிம்பல் உனக்கு வலப்பக்கம், கை நீட்டினா எட்டுற தூரத்துல இருக்கு.

85 டெசிபல்னா காது 8 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100ல கால் மணி நேரம்தான். நீங்க ஒண்ணரை மணி நேரம் வாசிக்கிறீங்க. காதுல பஞ்சு வைக்காதே, அது மேல் சுருதியை மட்டும் மழுக்கும், குறைச்சலும் போதாது. பாட்டுக்காரங்களுக்குன்னே 15 டெசிபல் சமமா குறைக்கிற காது பிளக் விக்குது, வாங்கு. டிரம்மரை நாலடி பின்னாடி தள்ளு.

ஊருக்கு வர்றப்ப ஸ்டான்லி ஆஸ்பத்திரியில ஆடியோகிராம், அதான் காது கேக்குற டெஸ்ட், எடுத்துடலாம். ஷோ முடிஞ்ச மறுநாள் எடுத்தா கணக்கு தப்பும், ரெண்டு நாள் சத்தமில்லாம இருந்துட்டு வா. அங்கேயே எடுக்கிறதா இருந்தா 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல கோடு பள்ளம் விழுந்திருக்கான்னு பார்த்துட்டு, ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பு. அம்மா நம்பருக்கு வேணாம்.

அப்பா