எண்ணெய்க் கிணற்றில் திருப்பி விட்ட வாயு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வடகடல் எண்ணெய் வயல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு வரி மட்டும் நெருடியது. நார்வேக்காரர்கள் நல்ல எரிவாயுவைத் திரும்பப் பூமிக்குள்ளேயே செலுத்தி 'வீணடித்தார்கள்' என்கிறார் கட்டுரையாளர். வீணடித்ததா? வட்டிக்கு அல்லவா விட்டார்கள்!

குழப்பத்துக்குக் கூடவே வந்த படமும் ஒரு காரணம். பூமிக்கடியில் ஏரி போல எண்ணெய் தளும்புவதாக வரைந்திருந்தீர்கள். (என் பணிக்காலம் முழுக்க கரும்பலகையில் நான் அழித்த படம் அது.) எண்ணெய் இருப்பது பாறையின் நுண்துளைகளுக்குள். ஆரம்பத்தில் அழுத்தம் தள்ள, தானே மேலே வரும். அழுத்தம் தணிந்ததும் பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான், 1988-ல் உற்பத்தி தொடங்கிய நார்வேயின் ஓஸ்பெர்க் வயலில், மேல்பகுதியில் வாயுவை ஏற்றி, எண்ணெயைக் கீழேயுள்ள கிணறுகளை நோக்கித் தள்ளினார்கள். சொந்த வாயு போதாமல், 1991 முதல் பக்கத்து ட்ரோல் வயலிலிருந்தும் கடலடிக் குழாயில் கொண்டுவந்தார்கள். செலுத்திய வாயு எங்கும் ஓடிவிடாது. எண்ணெய் எடுத்தபின் பெரும்பகுதியை மீட்டு விற்கலாம். ஓஸ்பெர்கிலிருந்து வாயு ஏற்றுமதி 2000-லேயே ஆரம்பித்துவிட்டது.

அப்புறம், ட்ரோல் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே. 1979-ல் கண்டுபிடித்தபோது அது வாயு வயல் என்றுதான் பேச்சு. மேற்குப் பகுதியில் வாயுவுக்கும் நீருக்கும் நடுவே எண்ணெயும் இருந்தது. ஆனால் நல்ல இடத்திலேயே 22 முதல் 26 மீட்டர் தடிமன்தான். மற்ற இடத்தில் அதில் பாதி. கோடையில் வைகை மணலில் ஊற்று தோண்டியவர்களுக்குத் தெரியும், ஒரே குழியில் வேகமாக இறைத்தால் கலங்கல்தான் வரும். இங்கேயும் அதே கதை. செங்குத்துக் கிணறு போட்டு இழுத்தால் அடியிலுள்ள நீர் கூம்பாக எழும்பும், மேலேயுள்ள வாயு கீழே இறங்கும், எண்ணெய் ஒதுங்கிவிடும். ஆகவே கிணற்றை வளைத்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கிலோமீட்டர் கணக்கில் படுக்கவைத்தார்கள். நீளம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் சேரும். இழுப்பு ஓரிடத்தில் குவியாது. துளைக்கும்போது சில மீட்டர் தவறினாலும் போச்சு என்பதால், பாறையை அளந்துகொண்டே நகர வேண்டும். 1995-ல் ட்ரோல் பி என்ற கடல் மேடையில் உற்பத்தி தொடங்கியது. ஒதுக்கிவைக்கப் பார்த்த எண்ணெய், ட்ரோலை நார்வேயின் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்றாகவும் ஆக்கிவிட்டது.

ஒன்று உண்மை. மேலேயுள்ள வாயுவை அவசரப்பட்டு எடுத்தால் அந்த மெல்லிய எண்ணெய் அடுக்கு மேல்நோக்கி நகர்ந்து பாறையில் பூசிக்கொண்டுவிடும். அதனால்தான் மேற்குப் பகுதி வாயுவை எடுப்பதற்கென்று போட்ட திட்டம் 2021-ல்தான் ஓடத் தொடங்கியது. கட்டுரையாளர் கணக்கில் அந்த நாற்பது வருடக் காத்திருப்பும் வீண்தானா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
மதுரை